21,000 ரூபாயில் டிஜிட்டல் ஒளிப்படக்கலையைத் தொடங்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மாதம் 1,500 ரூபாய் வீதம் பதினான்கு மாதங்கள் சேர்த்ததில் இப்போது கையில் 21,000 ரூபாய் இருக்கிறது. இந்தப் பணத்தில் ஒளிப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

என் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பூத் தொடுத்துக் கடைக்குக் கொடுப்பவர். முப்பது ஆண்டுகளாக அந்த வேலையைப் பார்த்துவரும் அவருடைய விரல்களைத்தான் நான் முதலில் எடுக்க விரும்புகிறேன். கைபேசியில் முயன்று பார்த்தேன். நல்ல வெயிலில் படம் குறையில்லாமல் வருகிறது. ஆனால் அம்மா வேலையைத் தொடங்கும் காலை ஆறு மணி வெளிச்சத்தில் எடுத்தால் விரல்கள் கரைந்து, மல்லிகை மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, எல்லாமே மெழுகு பூசியது போல ஆகிவிடுகின்றன. ஊரில் ஒரு கடையில் விசாரித்தபோது அறுபதாயிரத்துக்குக் குறைவாக எதையும் காட்டவில்லை. இவ்வளவு செலவு செய்ய முடிந்தவர்களுக்குத்தான் இந்தக் கலை என்று விட்டுவிடுவதா, அல்லது என் தொகைக்குள் ஏதேனும் வழி இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கைபேசிக் கண் எழுதியது:

தோழிக்கு வணக்கம். உங்கள் பணத்தை மூன்று மாதங்கள் அப்படியே வங்கியில் விட்டுவையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நான் ஆறு ஆண்டுகளாகக் கைபேசியில் மட்டுமே படம் எடுத்துவருகிறேன்; சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்ற பாடத்தை எந்தக் கேமராவும் கற்றுத் தராது.

மெழுகு பூசியது போல வருவதற்கு உங்கள் கைபேசியின் லென்ஸ் மட்டும் காரணமல்ல. இருட்டில் எடுத்த படத்திலுள்ள புள்ளிகளை நீக்குகிறேன் என்று உள்ளிருக்கும் மென்பொருள் நுண்விவரங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பிலிருந்தே ரா கோப்பாக, அதாவது மென்பொருள் தேய்க்காத மூல வடிவில், படத்தைச் சேமிக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கைபேசி அதை அனுமதித்தால், ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியை நிறுவி, ரா வடிவில் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் இருக்கும், ஆனால் மொட்டு மொட்டாகத் தெரியும். கைபேசியைத் திண்ணைத் தூணோடு சாய்த்துவைத்து எடுங்கள். அதிலும் நிறைவு வரவில்லை என்றால் பிறகு செலவு செய்யலாம்.

பழைய ஸ்டூடியோ எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் 31 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டவன் நான். நண்பர் கைபேசிக் கண் சொல்வதை மதிக்கிறேன்; ரா வடிவில் எடுத்துப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் நீங்கள் எடுக்க நினைப்பது குறைந்த வெளிச்சத்தில் நிற்காமல் ஓடும் விரல்களை. தூணோடு சாய்த்தால் கைபேசி அசையாமல் இருக்கும். அம்மாவின் விரல் அசையாமல் இருக்காது. இருட்டில் கைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கோயில் கோபுரத்துக்கு அது பொருந்தும்; ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும் விரலுக்குப் பொருந்தாது.

எனவே உங்களுக்குத் தேவை பெரிய உணரியும் (வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார்) வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் லென்ஸும்தான். இவை இரண்டும் புதிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2018இல் நிக்கானும் கேனானும் முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரியுள்ள) மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கிய பிறகு, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களைத் தேடி வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆசையாக வாங்கி, இரண்டு சுற்றுலாவுக்கு எடுத்துப் போய்விட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களின் கேமராக்கள் இப்போது சந்தைக்கு வருகின்றன. 2014இல் வெளிவந்த நிக்கான் டி3300 அப்படிப்பட்ட ஒன்று. 24 மெகாபிக்சல், உணரியின் அளவு ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., அதாவது சாதாரணக் கைபேசி உணரியைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது. சென்ற மாதம் மகனின் கடை வழியாக அதில் ஒன்று 18–55 மி.மீ. கிட் லென்ஸுடன் (கேமராவோடு சேர்த்தே விற்கும் லென்ஸ்) 12,500 ரூபாய்க்குக் கைமாறியது. கேனான் விரும்பினால் 2016இல் வந்த 1300டி ஏறக்குறைய அதே விலைக்குள் கிடைக்கும்.

மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துளை எஃப்/5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப்/1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். உங்கள் படத்தில் விரல் கரைவதும் கரையாததும் அந்த ஒன்பது மடங்கில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது; அதில் விழுந்து என்னிடம் வந்தவர்கள் பலர். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய சந்தையில் ஏஎஃப் 50 மி.மீ. 1.8டி என்ற லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். கடைக்காரர் மாட்டும் என்பார். மாட்டும், படமும் எடுக்கும். ஆனால் ஃபோகஸை நீங்களேதான் கையால் திருப்ப வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவற்றுள்ளேயே மோட்டார் இருக்கும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987இல் ஈஎஃப் வரிசையைத் தொடங்கியபோதே லென்ஸுக்குள் மோட்டாரை வைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி. எல்லோரும் 50 மி.மீ. வாங்கச் சொல்வார்கள். ஆனால் இந்த உணரியில் 50 என்பது முழுச்சட்டக் கணக்கில் 75 போலக் குறுகிவிடும்; திண்ணையில் நீங்கள் பின்னால் நகர்ந்து தெருவில் இறங்க வேண்டி வரும். 35 வைத்தால் அம்மாவுக்கு எதிரிலேயே அமர்ந்து எடுக்கலாம். பழையது 7,000 ரூபாய் வாக்கில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். வேலை கற்க வந்த பையன்களுக்கு முதல் மூன்று மாதம் ரோல் போடாத கேமராவைத்தான் கொடுப்பேன். ரோலும் கழுவும் செலவும் எனக்குக் கட்டுப்படியாகாது. வெறும் கேமராவை வைத்து அவர்கள் கையை நிலைநிறுத்தக் கற்றார்கள். ஆனால் எங்கே பிழை செய்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்கள் கேமரா நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் துளை என்ன, ஷட்டர் வேகம் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) என்ன, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) என்ன என்று எழுதியே வைத்துவிடும். காசில்லாமல் ஆயிரம் முறை பிழை செய்யலாம். ஆயிரத்தையும் திரும்பப் பார்த்து ஏன் என்று கேட்கலாம். இந்த வசதிக்காகவே நான் டிஜிட்டலை மனமார வரவேற்றவன்.

உப்பளம் எழுதியது:

பழைய ஸ்டூடியோ ஐயா சொன்னவற்றோடு, பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை நான் சேர்க்கிறேன். எனக்கு இந்தப் பாடம் 6,000 ரூபாய்க்குக் கிடைத்தது. எங்கள் கடலோர ஊருக்கு வந்த புதிதில் ஒரு கடையில் பழைய லென்ஸ் ஒன்றை, கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கைபேசி விளக்கைப் பின்புறமிருந்து அடித்துப் பார்த்தபோது, உள்ளே இரண்டாவது கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை போல வெண்ணிற இழைகள் பரவியிருந்தன. பூஞ்சை. கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். பிரித்துத் துடைத்த பிறகும் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தழும்பு போகவில்லை. வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படங்களிலெல்லாம் வெளிறிய புகை படர்ந்தது போல இருக்கும்.

ஆகவே லென்ஸைக் கழற்றி, துளையை முழுவதும் திறந்து, முன்னிருந்தும் பின்னிருந்தும் விளக்கடித்துப் பாருங்கள். துளையின் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பிறகு கேமராவில் மாட்டி, துளையை எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கும்போது கரும்புள்ளிகள் தெரிந்தால் உணரியில் தூசு இருக்கிறது என்று பொருள். தூசு அச்சப்படத் தக்கதன்று, ஊதுகுடுவையால் போய்விடும். போகாத கீறல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நிக்கான் என்றால் எடுக்கும் படக் கோப்பின் உள்ளேயே அதுவரை ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண் பதிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் படிக்கலாம். டி3300இன் ஷட்டர் ஒரு லட்சம் முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. இருபதாயிரத்துக்குள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் ரசீது கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம், அது யாரிடமிருந்தோ திருடியதாக இருக்கக்கூடும்.

வாங்கிய பிறகு, உங்கள் ஊரும் ஆற்றங்கரை ஈரத்தில்தான் இருக்கிறது என்பதை மறவாதீர்கள். கேமராவைத் தோல் பையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி, ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லை ஒரு துணி முடிச்சில் உள்ளே வையுங்கள். அது பச்சையாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது. சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டியில் மிதமாகச் சூடாக்கினால் மீண்டும் ஆரஞ்சாகும். சிலர் அரிசியைப் போடச் சொல்வார்கள். அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போய்விடும், வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். இருட்டும் ஈரமும் அசையாமையும் சேர்ந்த இடத்தில்தான் பூஞ்சை வளர்கிறது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று தஞ்சாவூர் சென்று டி3300ஐக் கிட் லென்ஸுடன் 12,000 ரூபாய்க்கும், 35 மி.மீ. லென்ஸை 7,200 ரூபாய்க்கும் வாங்கினேன். ஷட்டர் எண் 8,914. விளக்கடித்துப் பார்த்தபோது விற்றவரே வியந்துபோனார். டப்பா, சிலிக்கா ஜெல், மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய் ஆயிற்று. இன்னும் 450 ரூபாய் மிச்சம் இருக்கிறது. கணினியில் படத்தைத் திருத்தும் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்கிறார்களே, அதற்கு மாற்று உண்டா?

சிறுவாணி எழுதியது:

சந்தா எதுவும் வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டுமே கட்டற்ற இலவச மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். நான் கோவையில் ஐந்து ஆண்டுகளாக டார்க்டேபிள் மட்டுமே பயன்படுத்துகிறேன். முதலில் நிறவெப்பம் (படத்தின் மஞ்சள்-நீலச் சாயல்), வெளிச்ச அளவு, நிழல் இம்மூன்றை மட்டும் தொட்டுப் பழகுங்கள். மற்றவற்றை ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம்.

மிச்சமுள்ள 450 ரூபாயில் லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் 52 மி.மீ. ரிவர்ஸ் ரிங் ஒன்று வாங்கிவிடலாம். கிட் லென்ஸின் முன்திருகும் 52 மி.மீ. என்றால் அது அப்படியே பொருந்தும். வாங்குமுன் லென்ஸின் முன்விளிம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் ஒரே ஒரு மல்லிகை மொட்டு சட்டகத்தை நிறைக்கும். தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது, வெளிச்சத்தை அளந்தும் சொல்லாது. எல்லாவற்றையும் கையால் அமைக்கும் எம் முறையில் வைத்து நீங்களேதான் கணிக்க வேண்டும். கழற்றிய நிலையில் துளை மூடிக்கொண்டிருக்கும் என்பதால், பின்புறமுள்ள சிறு நெம்பை ஒரு மடித்த தாளைச் செருகித் திறந்துவையுங்கள். எறும்புகளை இப்படித்தான் நான் எடுக்கத் தொடங்கினேன்.

பழைய ஸ்டூடியோ எழுதியது:

ரிவர்ஸ் ரிங் பிறகு ஆகட்டும். முதல் ஒரு மாதம் 35 மி.மீ. லென்ஸைக் கழற்றவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏ முறையில் (துளையை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும்) துளை எஃப்/2, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். ஆறு மணித் திண்ணை வெளிச்சத்தில் 1/250 வினாடி அளவில் ஷட்டர் வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் விரல் இழுபடும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளி வருமே என்று அஞ்சாதீர்கள். புள்ளியுள்ள தெளிவான படம் நல்ல படம். புள்ளியில்லாமல் கலைந்த படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இதுவரை 640 படங்கள் எடுத்திருக்கிறேன். வைத்துக்கொள்ளத் தக்கவை என்று எனக்குத் தோன்றியவை 11. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராசுரம் சென்று, யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புடைப்புச் சிற்பத்தையும் எடுத்தேன். நிழலில் தட்டையாகக் கிடக்கும் கல், பக்கவாட்டு வெளிச்சம் பட்டவுடன் தசையும் மடிப்புமாக எழுந்து வருவதைக் கண்ட பிறகுதான், திண்ணையில் நான் அமரும் இடம் தவறு என்று புரிந்தது. இப்போது தெருவுக்கு முதுகு காட்டாமல், வெளிச்சம் அம்மாவின் இடப்பக்கத்திலிருந்து வரும்படி அமர்கிறேன்.

நான் கைவேலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். ஆனாலும் அம்மா முடிச்சை இறுக்குவதற்குச் சற்று முன் இடது கட்டைவிரலை வெளிப்புறமாக வளைத்து, எதிரெதிராக வைத்த மொட்டுகளின் காம்புகளை அந்த விரலின் பக்கவாட்டால் அழுத்திப் பிடிக்கிறார் என்பதை இந்தப் படங்களில்தான் முதன்முதலில் கண்டேன். அந்தப் படத்தை ஒரு லேபில் மேக்ஸி அளவில் பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாரே தெரியலையேடி" என்றார். உண்மைதான். மொட்டும் நகமும் தெளிவாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றும் வாழைநார் கலங்கிப்போயிருக்கிறது. நான் என்ன தவறு செய்தேன்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டதால் அம்மா கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தொடுக்கிறார். அங்கே விரல் அசையாமல் நிற்க வேண்டும் என்று எம் முறையில் 1/500 வைத்து எடுத்தால், அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும், ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் வருகின்றன. கேமரா பழுதாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

பழைய ஸ்டூடியோ எழுதியது:

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய சோக் போட்ட ட்யூப்லைட் அதனால் வினாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகிறது. மங்கும்போது அதன் நிறமும் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1/500 வினாடி என்பது அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. ஒருமுறை ஏற்றம் அகப்படும், மறுமுறை இறக்கம் அகப்படும். ஷட்டரை 1/100 வையுங்கள். ஒரு முழு ஏற்ற இறக்கமும் உள்ளே வந்துவிடும், நிறம் நிலைக்கும். எலக்ட்ரானிக் சோக் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

1/100இல் வேகமாக ஓடும் விரல் சற்று இழுபடும். அதற்கு வழி, அம்மாவின் கையைக் கவனித்து அது நிற்கும் கணத்தில் அழுத்துவதுதான். கட்டைவிரல் வளைந்து காம்பை அழுத்தும் கணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அங்கே கை ஒரு நொடிப்பொழுது நின்றுதான் ஆக வேண்டும்.

நார் விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி. தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். 35 மி.மீ. லென்ஸில், 60 செ.மீ. தொலைவில், துளை எஃப்/2 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ இரண்டு செ.மீ. மட்டுமே. எஃப்/4 வைத்தால் அது இருமடங்காகும். ஆனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்டத் திண்ணையில் அரை மணி நேரம் தாமதித்து எடுங்கள், கூடத்தில் அம்மாவை விளக்குக்கு நேர் கீழே அமரச் சொல்லுங்கள். ஃபோகஸ் புள்ளியை நகத்தின் மேல் வைக்காமல் முடிச்சின் மேல் வையுங்கள்.

கைபேசிக் கண் எழுதியது:

நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் பணத்தை வங்கியில் விட்டுவைத்திருந்தால் அந்தக் கட்டைவிரல் படம் கிடைத்திருக்காது. நானும் ஒரு பழைய 1300டி தேடத் தொடங்கியிருக்கிறேன். உப்பளம் சொன்ன சோதனைகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நேற்று மாலை கூடத்தில் 1/100, எஃப்/4, ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்தேன். நாற்பது படங்களிலும் நிறம் ஒன்றுபோல நின்றது. அவற்றில் முப்பத்தைந்தில் விரல் இழுபட்டிருக்கிறது. ஐந்தில் நார் தெரிகிறது. நனைத்த நாரின் விளிம்பில் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக ஓடுவதும், அது காம்பைச் சுற்றி இரண்டாவது முறை மடியும் இடமும் தெரிகின்றன. அந்த ஐந்தில் ஒன்றை இன்று பிரிண்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.